வெள்ளைக் கல்நார் ரோட்டர்டாம் பட்டியலில் இல்லை என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமா?

முத்துநகர்_செல்வன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மாடியில் இரண்டு அறைகளுக்கு மேல் அப்பா காலத்து ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) ஷீட் கிடக்கிறது. போன மழைக்கு விரிசல் விட்டு ஒழுகுகிறது. மாற்றலாம் என்று கடைக்குப் போனால் அதே ரகத்தைப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். "இதில் கேன்சர் வரும் என்கிறார்களே" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு துண்டறிக்கையை எடுத்து நீட்டினார்.

அதில் இருந்த வாதத்தின் சுருக்கம்: ஆபத்தான வேதிப்பொருட்களுக்கு ரோட்டர்டாம் ஒப்பந்தம் என்று ஐ.நா. ஒப்பந்தம் ஒன்று உண்டு. வீடு கட்டப் பயன்படும் வெள்ளைக் கல்நாரை (கிரைசோடைல்) அதன் பட்டியலில் சேர்க்கலாமா என்று 2006 முதல் திரும்பத் திரும்பப் பேசியும் உலக நாடுகள் சேர்க்கவில்லை. ஆகவே அது பாதுகாப்பானது என்று நிரூபணமாகிவிட்டது.

முதல் பாதி உண்மை மாதிரித் தெரிகிறது. இரண்டாம் பாதிதான் உதைக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரசாயனப்பூனை

முதல் பாதி உண்மையேதான். பட்டியலில் இல்லை. 2025 ஏப்ரல், மே மாதங்களில் ஜெனீவாவில் நடந்த மாநாட்டிலும் சேரவில்லை. ஆனால் ஏன் சேரவில்லை என்பதைத் துண்டறிக்கை கவனமாக விட்டுவிட்டது.

நான் வளைகுடாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். இந்த ஒப்பந்தங்களோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிற வேலை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டர்டாம் ஒப்பந்தம் 1998இல் கையெழுத்தானது, 2004இல் நடைமுறைக்கு வந்தது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் உணவு, வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன. 160க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள், இந்தியாவும் இலங்கையும் உட்பட. பலர் நினைப்பது போல இது தடைப் பட்டியல் கிடையாது. தடை செய்யும் ஒப்பந்தம் வேறு: டி.டி.டி., எண்டோசல்பான் மாதிரி நீண்ட காலம் அழியாத நஞ்சுகளுக்கு 2001இல் போட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம். ரோட்டர்டாம் கேட்பது அதைவிட எளிய விஷயம். "இந்தப் பொருளை உன் நாட்டுக்கு அனுப்பலாமா? இதில் உள்ள ஆபத்து இன்னது. தெரிந்துகொண்டு, சம்மதமா இல்லையா என்று சொல்." அவ்வளவுதான். அதன் மூன்றாம் இணைப்பில், அதாவது நாம் பேசும் பட்டியலில், ஒரு பொருள் சேர்ந்தால், வாங்கும் நாடு ஒன்பது மாதத்துக்குள் மூன்று பதில்களில் ஒன்றைச் சொல்லலாம்: வேண்டாம், வேண்டும், இன்ன நிபந்தனையோடு வேண்டும். அந்தப் பதிலை மதிப்பது விற்கும் நாட்டின் கடமை.

அதாவது கிரைசோடைல் அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தாலும் இந்தியா "வேண்டும்" என்று சொல்லி மறுநாளே இறக்குமதி செய்யலாம். தடுக்கப்பட்டது தடை அல்ல, தகவல்.

ஒரு பொருளைச் சேர்க்கத் தகுதி உண்டா என்று பார்ப்பதற்கு நிபுணர் குழு இருக்கிறது. வேதிப்பொருள் மீளாய்வுக் குழு என்று பெயர். சிலி, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் தங்கள் தடை உத்தரவுகளைக் கொடுத்திருந்தன. குழு பார்த்துவிட்டு எல்லா அளவுகோலும் நிறைவேறுகிறது, சேர்க்கலாம் என்றது. நிபுணர்கள் ஒப்புக்கொண்டார்கள், அரசுகள் ஒப்புக்கொள்ளவில்லை. துண்டறிக்கை இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்கிறது.

---

ஷீட்டுக்கடை_ராஜா

அண்ணே, துண்டறிக்கை கொடுத்தது நான் இல்லை, ஆனா அதே மாதிரி ஒண்ணு என் கடை மேசையிலும் கிடக்கு. இருபது வருஷமா ஷீட் வியாபாரம். அதனால நாலு வார்த்தை.

1. நீலக் கல்நார், பழுப்புக் கல்நார்தான் மோசம். அது பட்டியல்ல இருக்கு, யாரும் மறுக்கலை. வெள்ளை வேற ஜாதி. நார் சுருண்டு இருக்கும், நுரையீரல்ல தங்காம கரைஞ்சிடும்.

2. ஷீட்டுல பத்துல ஒரு பங்குகூட நார் கிடையாது, மிச்சம் சிமெண்ட். சிமெண்ட்டுக்குள்ள இறுகிப்போன நார் எப்படிப் பறக்கும்? கட்டுப்பாட்டோட பயன்படுத்தினா பிரச்சினை இல்லை.

3. சுப்ரீம் கோர்ட்டுல 2011ல தடை கேட்டுப் போன வழக்கு தள்ளுபடி. போட்டிக் கம்பெனிக்காரங்க தூண்டிவிட்ட வழக்குன்னு கோர்ட்டே சொல்லிச்சு.

4. கான்க்ரீட் போட முடியாதவன் எங்க போவான்? தகரம் போட்டா வெயில்ல வேகணும், மழை பெஞ்சா பேச்சு கேட்காது. ஏழைக்கு ஏத்த கூரை இதுதான். ஜெனீவால ஏசி ரூம்ல உக்காந்து பேசுறவங்களுக்கு இது புரியாது.

---

தறிக்கூடம்

நாலாவது பாயிண்ட்டுக்கு மட்டும் ஒரு திருத்தம் ராஜாண்ணே. ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குக் கீழே சித்திரை மாசத்துல தறி ஓட்டிப் பாருங்க. வேகுறது தகரத்துல மட்டும் இல்லை.

---

வழக்காடி

ராஜா அவர்கள் சொன்ன மூன்றாவது விஷயம் சரி. 2011 ஜனவரியில் கல்யாணேஸ்வரி என்ற பெயரிலான அமைப்பின் பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வணிகப் போட்டியாளர்களின் நலன் மனுவுக்குப் பின்னால் இருப்பதாகக் கருதி, கடுமையாகவே பேசியது. ஆனால் அந்தத் தீர்ப்பைப் பாதி படிப்பது வழக்கமாகிவிட்டது. நீதிமன்றம் கல்நார் பாதுகாப்பானது என்று சொல்லவில்லை. 1995இல் தான் இட்ட கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும் என்றே சொன்னது.

அந்த 1995 தீர்ப்புதான் முக்கியம். நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கு. தொழிலாளியின் உடல்நலம், அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அதில்தான் தெளிவாக வந்தது. கல்நார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டையும் 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அல்லது அவர் வேலையை விட்டுப் போய் 15 ஆண்டுகள் வரை. ஏன் இத்தனை ஆண்டுகள்? நோய் தெரிய 20 முதல் 40 ஆண்டுகள் பிடிக்கும் என்பதால். நாரைச் சுவாசித்தவர் வேலையை விட்டு, ஊர் மாறி, பெயரன் எடுத்த பிறகு நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போகிறார். அவர் எப்போதோ எங்கோ கல்நார் மூட்டை பிரித்தார் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

இனி, பட்டியலில் சேராததற்கான காரணம். ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு. மூன்றாம் இணைப்பில் ஒரு பொருளைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளின் ஒருமித்த சம்மதம் வேண்டும். பெரும்பான்மை போதாது. எதிர்க்கும் நாடு ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிப்போகும். எதிர்த்தவர்கள் யார் என்று பாருங்கள்: ரஷ்யா, கஜகஸ்தான், ஜிம்பாப்வே தோண்டி எடுப்பவர்கள். கிர்கிஸ்தான், இந்தியா, வியட்நாம் ஷீட் தயாரிப்பவர்கள். விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து, சரக்கின் மேல் எச்சரிக்கை வேண்டாம் என்கிறார்கள்.

---

ரசாயனப்பூனை

ராஜா அண்ணனின் முதல் இரண்டு விஷயங்களுக்கு.

வெள்ளை நார் சுருண்டது, ஊசி போன்ற நீல நாரைவிட நுரையீரலை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் என்பது ஆய்வில் வந்த உண்மை. அதிலிருந்து "கெடுதல் இல்லை" என்று தாவுவதுதான் பொய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கல்நாரின் எல்லா வகைகளையும், கிரைசோடைலைப் பெயர் சொல்லியே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. நுரையீரல், குரல்வளை, சூலகம், அதோடு நுரையீரலையும் வயிற்றையும் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா. உலகில் இதுவரை பயன்படுத்திய கல்நாரில் ஆகப்பெரும் பகுதி வெள்ளைதான். வேலையிடத்தில் கல்நாரைச் சுவாசித்ததால் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வளவு சாவுக்கும் நீலத்தையும் பழுப்பையும் மட்டும் கைகாட்ட முடியாது.

சிமெண்ட்டில் இறுகியது பறக்காது என்பது ஷீட் சும்மா கிடக்கும்வரை சரி. சும்மா எங்கே கிடக்கிறது? ஆணி அடிக்க ட்ரில் போடுகிறோம். அளவுக்கு வெட்ட கிரைண்டர் வைக்கிறோம். பாசி பிடித்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம். உடைந்ததை நொறுக்கிப் பள்ளத்தில் கொட்டி மேடாக்குகிறோம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்கிறீர்கள். கிரைண்டர் பிடிப்பவரின் மூக்குக்கு அந்தப் பங்கே தாராளம்.

---

ஸ்கார்பரோ_சிவா

ராஜா அண்ணை சொன்ன "கட்டுப்பாட்டோட பாவிச்சா பிரச்சினை இல்லை" எண்ட கதை எங்க பிறந்தது எண்டு தெரியுமோ? நான் இப்ப இருக்கிற நாட்டில.

கனடாவின்ர கியூபெக் மாகாணத்தில அஸ்பெஸ்டஸ் எண்டே பேர் வைச்ச ஒரு ஊர் இருந்தது. நூறு வருசத்துக்கு மேல தோண்டின சுரங்கம். இஞ்ச உள்ளூரில பாவிக்கிறது அநேகமா நிண்டுபோச்சு, பாராளுமன்றக் கட்டடத்தில இருந்த கல்நாரைக் காசு செலவழிச்சுக் கழட்டினவை. அதே நேரம் இந்தியாவுக்கும் மற்ற ஆசிய நாடுகளுக்கும் மூட்டை மூட்டையா ஏத்தி அனுப்பினவை. கேட்டா, "கட்டுப்பாட்டோட பாவிக்கலாம்." ரோட்டர்டாம் மாநாடுகளில வருசக்கணக்கா குறுக்க நிண்டதும் கனடாதான்.

பிரான்ஸ் 1997இல தடை போட்ட உடன கனடா உலக வர்த்தக அமைப்புக்குப் போய் வழக்குப் போட்டது. 2001இல மேல்முறையீட்டிலயும் தோத்துப்போச்சு. எங்கட சனத்தின்ர உடம்பு எங்களுக்குப் பெரிசு, எவ்வளவு பாதுகாப்பு வேணும் எண்டு நாங்களே தீர்மானிப்பம் எண்டது பிரான்ஸ். கட்டுப்பாட்டோட பாவிக்கிற முறை அந்த அளவு பாதுகாப்பைத் தராது எண்டு வர்த்தக அமைப்பே ஒத்துக்கொண்டது. கட்டடத் தொழிலாளியள் எல்லாரும் அப்படிக் கட்டுப்பாட்டோட வேலை செய்வினம் எண்டு பிரான்ஸிலயே நம்பேலாது எண்டா, மற்ற இடங்களைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை.

2012இல கியூபெக் அரசு கடைசிச் சுரங்கத்தைத் திரும்பத் திறக்க 58 மில்லியன் டொலர் கடன் தாறன் எண்டது. அந்த வருசம் தேர்தலில ஆட்சி மாற, கடனும் போச்சு. அதே மாசம் மத்திய அரசும் இனி ரோட்டர்டாமில எதிர்க்கமாட்டம் எண்டு அறிவிச்சது. 2018 கடைசியில நாடு முழுக்கத் தடை. 2020இல அந்த ஊர்ச் சனம் வாக்குப் போட்டு ஊரின்ர பேரையே வால்-டே-சூர்ஸ் எண்டு மாத்திப்போட்டுது.

சுரங்கம் மூடின பிறகுதான் விஞ்ஞானம் விளங்கினது எங்கட ஆக்களுக்கு.

---

ஷீட்டுக்கடை_ராஜா

சிவா சொல்றது நியாயம்தான். ஆனா ஒண்ணு கவனிங்க. கனடாக்காரன் தன் சரக்கு தீர்ந்ததும் நல்லவனாயிட்டான். இப்ப நாம நார் வாங்குறது ரஷ்யாகிட்ட, கஜகஸ்தான்கிட்ட, பிரேசில்கிட்ட. பிரேசில் தன் நாட்டுல தடை போட்டுட்டு வெளிய மட்டும் அனுப்புது. மாத்து ஷீட்டுக்குப் போடுற பி.வி.ஏ.ங்கிற செயற்கை நார் யாருகிட்ட இருந்து வரும்? ஜப்பான், சீனா. அவங்களுக்கும் இதுல லாபம் இருக்குல்ல? பாதுகாப்புப் பேசுற எல்லாருக்கும் பின்னாடி ஒரு சரக்கு நிக்குது.

---

அட்டன்_மலைமகள்

ராஜா அண்ணா, உங்கள் கடைசி வரியை எங்கள் நாட்டுக் கதையோடு வைத்துப் பாருங்கள். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்நார் எங்களுக்குக் கூரை மட்டும் இல்லை, எங்கள் கொழுந்தோடும் சம்பந்தப்பட்டது.

இலங்கை அரசு 2018 ஜனவரியில் இருந்து கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாகவும் 2024க்குள் முழுதாக நிறுத்துவதாகவும் அறிவித்திருந்தது. அப்போது நார் பெரும்பாலும் ரஷ்யாவில் இருந்துதான் வந்தது. 2017 டிசம்பர் நடுவில் ரஷ்யாவில் ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு ஒன்று அகப்பட்டதாம். 18ஆம் திகதியில் இருந்து இலங்கைத் தேயிலை முழுவதற்கும் இறக்குமதித் தடை. தானியக் கிடங்குகளில் இருக்கும் வண்டு அது, தேயிலையைத் தின்னாது. எங்கள் தேயிலையின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ரஷ்யா ஒன்று. கொழும்பு ஏலத்தில் விலை விழுந்தால் முதலில் அடிபடுவது யார் என்று தோட்டத்தில் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த சில நாட்களில் அமைச்சரவை கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. அதிகாரபூர்வக் காரணம் கடைசி வரைக்கும் வண்டுதான்.

கொழுந்து பறிக்கிறவள் தன் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) எந்தக் கூரையின் கீழ் படுக்க வேண்டும் என்பதை அவள் பறித்த கொழுந்தை வைத்தே தீர்மானித்துவிட்டார்கள். உலக ஒத்துழைப்பு என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். எங்களைப் போன்ற சின்ன நாட்டிடம் சட்டம் இருந்தது, நிபுணர் இருந்தார்கள், திகதியும் குறித்திருந்தோம். தனியாக நின்றதால் இரண்டு கிழமைகூடத் தாங்கவில்லை.

---

தறிக்கூடம்

இது எனக்குத் தெரியவே தெரியாது. வண்டு நல்ல வேலை பார்த்திருக்கு.

---

ஷீட்டுக்கடை_ராஜா

மலைமகள் அம்மா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணலை. ஆனாலும் ஒரு கேள்வி. நம்ம இந்தியாவை யாரும் அப்படி மிரட்டலையே. பெரிய நாடு. உலகத்துலயே அதிகமா இறக்குமதி பண்றது நாமதான். அப்ப நம்ம அதிகாரிங்க யோசிச்சுத்தானே வேண்டாம்னு சொல்றாங்க? நம்ம நாட்டுலயே தோண்டுறதை மட்டும் எதுக்கு நிறுத்தினாங்க, அதுவும் புரியலை.

---

வழக்காடி

நல்ல கேள்வி. இந்தியாவின் நிலைப்பாடு ஒரே சீராக இருந்ததில்லை என்பதுதான் விடை.

1986 முதல் உள்நாட்டில் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய குத்தகை கொடுப்பதில்லை, உடல்நலக் காரணத்துக்காகவே. நம் மண்ணில் தோண்டினால் ஆபத்து, ரஷ்யாவில் தோண்டிக் கப்பலில் வந்தால் ஆபத்தில்லை என்ற நிலை அப்படி உருவானது.

2011 ஜூனில் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகள் கிரைசோடைலைப் பட்டியலில் சேர்க்க இனி எதிர்ப்பில்லை என்று அறிவித்தார்கள். அரங்கமே கைதட்டியது. அந்த முறை தடுத்தது கனடாவும் வேறு சில நாடுகளும். 2013இல் அடுத்த மாநாடு. கனடா ஒதுங்கிவிட்டது. இடையில் ரஷ்யாவும் ஜிம்பாப்வேயும் புதிதாக உறுப்பினர்களாகிவிட்டன, எதிர்ப்பதற்காகவே வந்தது போல. அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது இந்தியா. இரண்டு ஆண்டுகளில் அறிவியலில் எதுவும் மாறவில்லை. மாறியது எது என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. ஆனால் "யோசித்துத்தான் சொல்கிறார்கள்" என்றால், இந்த இரண்டில் எது யோசித்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

---

முத்துநகர்_செல்வன்

கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது ஒரு பாடநூல். அனைவருக்கும் நன்றி.

ஒரு அவசரச் சந்தேகம். ஷீட்டைக் கழற்ற வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார்கள். சுத்தியலால் தட்டி உடைத்து இறக்கிவிடலாம், அரை நாள் வேலை என்கிறார்கள். சரியா?

---

ரசாயனப்பூனை

வேண்டவே வேண்டாம். உடைக்காமல் இறக்க வேண்டும்.

மேலே ஏறுவதற்கு முன் ஷீட் முழுவதையும் தண்ணீர் தெளித்து நனையுங்கள், பூவாளி மாதிரி மெல்லிய தெளிப்பு போதும். பீச்சியடிக்கும் பிரஷர் பம்ப் கூடாது, அது நாரைக் கிளப்பிவிடும். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே-போல்ட்டைக் கையால் கழற்றச் சொல்லுங்கள். துருப்பிடித்துக் கழலாவிட்டால் போல்ட்டை வெட்டலாம், ஷீட்டை வெட்டக் கூடாது. முழு ஷீட்டாகவே கயிறு கட்டி இறக்குங்கள். மேலிருந்து வீசக் கூடாது. பழைய ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது, புற்றுநோய்க்கு முன்னால் அதுதான் ஆளைக் கொல்லும். பலகை போட்டு ஏறட்டும்.

துணி மாஸ்க், மருத்துவ மாஸ்க் எதற்கும் உதவாது. நுண்தூசிக்கான பி3 அல்லது பி100 வடிகட்டி வைத்த அரை முகக் கவசம் வேண்டும், தொழிற்பாதுகாப்புப் பொருள் கடைகளில் கிடைக்கும். கீழே விழுந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். கனமான பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டுங்கள். அன்று போட்ட துணியை வீட்டுத் துணிகளோடு துவைக்காதீர்கள். கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் வேலை உடுப்பைத் துவைத்தே மனைவிமாருக்கு நோய் வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.

---

நெறியாளர்

மேலே உள்ள பதிவை இழையின் தலையில் ஒட்டி வைத்திருக்கிறேன். கம்பெனிப் பெயர்களைச் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். விவாதம் தொடரட்டும்.

---

முத்துநகர்_செல்வன்

சுற்றிக் கட்டிய பிறகு எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

---

ரசாயனப்பூனை

அதுதான் சங்கடம். சட்டப்படி கல்நார்க் கழிவு அபாயகரமான கழிவு, அதற்கென்று அமைத்த புதைகுழிக்குத்தான் போக வேண்டும். தமிழகத்தில் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. தூத்துக்குடியில் இருந்து பத்து ஷீட்டை அங்கே யார் ஏற்றிப் போவார்கள்? மாநகராட்சிப் பொறியாளரிடம் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பதிலுக்காவது வழி உண்டு. அதுவரை ஒரு மூலையில் கட்டியபடியே கிடக்கட்டும், உடைத்துப் பள்ளத்தில் கொட்டுவதைவிட அது மேல்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அபாயகரமான கழிவுகளை நாடு விட்டு நாடு கடத்துவதைக் கட்டுப்படுத்த 1989இல் போட்டது பாசல் ஒப்பந்தம். அதன் முதல் இணைப்பில் ஒய்-36 என்ற எண்ணில் கல்நார்த் தூசும் நாரும் இருக்கின்றன. வெள்ளை, நீலம் என்ற பாகுபாடே கிடையாது. 2005 கடைசியில் பிரான்ஸ் தன் பழைய விமானந்தாங்கிக் கப்பல் கிளெமென்சோவை உடைப்பதற்காகக் குஜராத்தின் அலங் கரைக்கு அனுப்பியது. கப்பல் முழுக்கக் கல்நார். பாசல் ஒப்பந்தத்தைக் காட்டி ஊர் உலகமே எதிர்த்தது, நம் உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. 2006 பிப்ரவரியில் பிரெஞ்சு அதிபர் சிராக் கப்பலைத் திரும்ப அழைத்தார். பிறகு இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் உடைத்தார்கள்.

பழைய கப்பலில் வந்த கல்நாரை வாசலிலேயே திருப்பி அனுப்பிய அதே ஆண்டு அக்டோபரில்தான், புதிய கல்நார் மூட்டையின் மேல் தகவல் வேண்டாம் என்று ரோட்டர்டாம் மாநாட்டில் இந்தியா உட்பட சில நாடுகள் தடுத்தன.

---

அட்டன்_மலைமகள்

வழக்காடி ஐயா, ஒருமித்த சம்மதம் கிடைக்காத இடத்தில் வாக்கெடுப்பு நடத்த முடியாதா? ஐ.நா.வில் வேறு எத்தனையோ விஷயத்துக்கு நடத்துகிறார்களே.

---

வழக்காடி

முடியும், ஆனால் அதற்கு ஒப்பந்தத்தையே திருத்த வேண்டும். ஒப்பந்த வாசகத்தைத் திருத்த, எல்லா வழியும் அடைபட்ட பிறகு, நான்கில் மூன்று பங்கு வாக்கு போதும். பட்டியலில் சேர்க்க மட்டும்தான் முழுச் சம்மதம் வேண்டும்.

இந்த வழியை முயன்றும் பார்த்தார்கள். 2023 மாநாட்டில் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா, மாலி நாடுகள் ஒரு திட்டத்தை முன்வைத்தன. நிபுணர் குழு தகுதி உண்டு என்று சொல்லியும் மாநாட்டில் சிக்கிக்கொள்ளும் பொருட்களுக்காக எட்டாம் இணைப்பு என்று புதிதாக ஒன்று, அதில் சேர்க்க வாக்கெடுப்பு. அது நிறைவேறவில்லை. கிரைசோடைல் மட்டும் அல்ல, பாராகுவாட் களைக்கொல்லியும் இதே வரிசையில் பல மாநாடுகளாகக் காத்துக் கிடக்கிறது.

வாக்கெடுப்பே கூடாது என்பவர்களின் வாதத்திலும் கொஞ்சம் பொருள் இருக்கிறது. வாக்கில் தோற்கும் நாடு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறலாம். ரஷ்யா வெளியேறிவிட்டால், இப்போது மற்ற பொருட்களுக்கு அது தரும் ஏற்றுமதி அறிவிப்புகளும் நின்றுபோகும். அமெரிக்கா கையெழுத்திட்டதோடு சரி, இன்றுவரை உறுப்பினராகவே சேரவில்லை. நான் இந்த அச்சத்தை ஏற்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஒரே பொருளை வைத்துக்கொண்டு தோற்கும் முறையைக் காப்பாற்றுவதைவிட, இரண்டு நாடுகள் வெளியேறினாலும் பரவாயில்லை என்பது என் கருத்து.

---

அட்டன்_மலைமகள்

எனக்கு வேறு கணக்கு. பட்டியலில் இருந்திருந்தால் 2017இல் எங்கள் அரசு சொல்லியிருக்கலாம்: "இது நாங்கள் தனியாக எடுத்த முடிவு இல்லை, நீங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி கொடுத்த பதில்." அதை மீறி வண்டு பிடிப்பது கொஞ்சம் கடினமாக இருந்திருக்கும். பெரிய நாட்டுக்குப் பட்டியல் ஒரு காகிதம். சின்ன நாட்டுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை. அதனால் ரஷ்யா உள்ளே இருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். வெளியே போனால் எங்களுக்கு அந்தக் கையும் இல்லை.

---

வழக்காடி

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. வலுவான வாதம்.

---

ஷீட்டுக்கடை_ராஜா

சரி, நானும் வழிக்கு வர்றேன். நாளைக்கே ரோட்டர்டாம்ல சேர்த்துட்டாங்கன்னு வெச்சுக்குவோம். என் கடைக்கு வர்ற ஷீட்டுல என்ன மாறும்?

---

வழக்காடி

நேரடியாக ஒன்றும் மாறாது. ஒப்பந்தம் வேதிப்பொருளைத்தான் பார்க்கும், அதை வைத்துச் செய்த பண்டத்தைப் பார்க்காது. ரஷ்யாவில் இருந்து துறைமுகத்துக்கு வரும் நார் மூட்டையில் ஆபத்துக் குறியும் பாதுகாப்புத் தகவல் தாளும் இருக்க வேண்டும், முடிந்தவரை வாங்கும் நாட்டு ஆட்சி மொழியில். அது ஆலைக்குப் போகும், அங்கேயே நின்றுவிடும். செல்வன் வீட்டுக்கு வரும் ஷீட்டைப் பற்றி எதுவும் செய்வதென்றால் அது நம் நாட்டுச் சட்டத்தால்தான் முடியும்.

அந்தத் திசையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்நார் சிமெண்ட் பொருட்களை எப்படிப் பாதுகாப்பாகக் கையாள்வது என்று இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 11769 என்ற வழிகாட்டி 1980களில் இருந்து இருக்கிறது.

---

ஷீட்டுக்கடை_ராஜா

இருபது வருஷத்துல எந்தக் கம்பெனி ஆளும் அந்த நம்பரை என்கிட்டச் சொன்னதில்லை. விலைப் பட்டியலும் காலண்டரும்தான் வரும். எங்க கிடைக்கும்?

---

வழக்காடி

அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் இருக்கும்.

---

ரசாயனப்பூனை

ராஜா அண்ணே, எடுத்ததும் இங்கே போடுங்கள். கூரை வேலைக்காரர்களுக்குத் தேவையான பகுதியை மட்டும் தமிழில் எழுதித் தருகிறேன். ஒரு பக்கம் போதும், பில்லோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

---

ஷீட்டுக்கடை_ராஜா

எழுத்து பெருசா இருக்கட்டும். படமும் போடுங்க. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு இப்ப பீகார், ஒடிசா பசங்க, அதனால இந்தியிலயும் வேணும்.